மாணவிகளுக்கான குழி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வரலாற்றையே திருப்பிப் போடப்போகும் குழி ஒன்று வைகாசி ஏழாம் தேதி காலை தோண்டப்பட்டது. கழிப்பறைக்காகத் தோண்டிய குழி அது. அகழாய்வுக் கோடை முகாமுக்கு வந்த பதினொரு மாணவிகளும் மூன்று வாரமாகக் கருவேலங்காட்டுக்குத்தான் போய்வந்தார்கள். அங்கே ஒரு கண்ணாடிவிரியனைப் பார்த்த நாளிலிருந்து செண்பகவல்லி தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள். அதனால் மண்வெட்டியை அவளே கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

ஆனால் படித்த படிப்பு கையை விடவில்லை. நான்கு மூலையிலும் ஆணியடித்து, நூல் கட்டி, மண்வெட்டியைத் தூர வைத்துவிட்டுக் கரணையால் சுரண்டினாள்.

“அடியே, கக்கூஸ் குழிடி இது. வெட்டித் தள்ளு,” என்றாள் மேலே நின்ற ரெஜினா.

இடுப்பளவு ஆழத்தில் ஒரு சுடுமண் வளையம் தெரிந்தது. அதன்கீழ் இன்னொன்று. செண்பகவல்லி சுரண்டுவதை நிறுத்தினாள்.

“மூடிடு. யாரும் பாக்கல,” என்றாள் ரெஜினா மெதுவாக.

மூடத்தான் செண்பகவல்லி மண்ணை அள்ளினாள். அதற்குள் தொண்டை தானாகவே, “ஐயா, ஓடி வாங்க” என்று கத்திவிட்டது.

பேராசிரியர் ஞானசிகாமணி செருப்பில்லாமல் ஓடி வந்தார். இறங்கி வளையத்தைத் தடவிக் கண்கலங்கினார். “கழிவுக்குழிம்மா இது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்மாளுங்க வீட்லயே கக்கூஸ் வச்சிருந்திருக்காங்க பாரு.”

எல்லோரும் கைதட்டினார்கள். செண்பகவல்லிதான் பலமாகத் தட்டினாள். குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

மாணவிகளுக்கு வேறு குழி வெட்ட அனுமதி கேட்டு அன்றே கடிதம் போனது. முகாம் முடிந்த மறுவாரம் அனுமதி வந்தது.