அடுப்பு எரியாத வீடு

"செத்துப்போனது யாருக்குமே தெரியலைன்னா, அந்த வீட்டுக்கு யாரும்மா ரொட்டி கொண்டு வருவா?"

சின்ன வயதில் மகன் கேட்டது. சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு தர வேண்டும் என்று சனோபர் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாவு தெரியாம இருக்குமாடா? போய் விளையாடு" என்று சிரித்துவிட்டாள்.

தலைநகரத்துச் சிறையில், பொட்டலம் வாங்கும் ஜன்னலுக்கு முன்னால், பனியில் நிற்கும்போது அந்தக் கேள்வி திரும்ப வந்தது.

மர்கிலான் ஊரிலிருந்து மலைக் கணவாய் தாண்டி வந்திருந்தாள். பல் வைத்தியரிடம் போவதாக வீட்டில் பொய். பையில் கம்பளிக் காலுறை, சோப்பு, வெங்காயம், சீனி, நேற்றுச் சுட்ட ரொட்டி. மேலே 'சர்வார்' என்று பெயர் எழுதியிருந்தது.

சர்வாருக்கு மரண தண்டனை. மன்னிப்பு மனு மேலிடத்தில் இருக்கிறது. பதில் வரும்வரை சுட மாட்டார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"சோப்பை அறுத்துப் பாப்பான், சீனியைக் கொட்டிப் பாப்பான்" என்றாள் முன்னால் நின்றவள். "போன தடவை வெங்காயத்தை உரிச்சான். உள்ள பீரங்கி வெச்சிருக்கேன், பத்திரமா எடுன்னு சொன்னேன்."

வரிசையே சிரித்தது. சனோபரும் சிரித்தாள்.

அவள் முறை வந்தது. காவலன் ரொட்டியை எடுத்து மேஜையில் குப்புறப் போட்டான். ரொட்டியைக் குப்புறப் போடுவது பாவம் என்று இவனுக்குச் சொல்லி வளர்க்க ஒரு தாய் இல்லையா? சனோபர் கை நீட்டி நிமிர்த்தி வைத்தாள்.

அவன் பெயரைப் படித்தான். உள்ளே திரும்பி யாரிடமோ கேட்டான். பையை அவள் பக்கம் தள்ளினான்.

"இந்தப் பேர்ல இங்க ஆள் இல்லம்மா. எடுத்துட்டுப் போ."

 அந்த ஜன்னலில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வெங்காயக் கதை சொன்னவள் முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"மனுவுக்கு இன்னும் பதில் வரலையே."

"வரும்."

"எப்ப சுட்டீங்க?"

"சொல்றதில்ல."

"எங்க புதைச்சீங்க?"

"அதையும்தான்." அவன் குரலைத் தணித்தான். "அழறதுன்னா வெளிய போய் அழும்மா. உன் மகன் செஞ்ச காரியத்துக்கு நாங்க என்ன பண்ண?"

"அவன் என் மகன் இல்ல" என்றாள் சனோபர். "என் மகனைக் கொன்னவன்."

காவலன் நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தத் தாய்க்கு நியாயம் வேணும்னு கோர்ட்டுல என்னைக் கை காட்டினாங்க. இந்தத் தாயை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்த மனுவுல முதல் கையெழுத்து என்னோடது. அவனைச் சுட வேணாம்னு எழுதிக் குடுத்தேன். என் பிள்ளை பேரைச் சொல்லி இன்னொருத்தி பிள்ளையைக் கொன்னுட்டு, குழியையும் ஒளிச்சு வெச்சிருக்கீங்க. மனுஷனைப் புதைச்சீங்களா, திருட்டுப் பொருளைப் புதைச்சீங்களா?"

அவன் ஜன்னலைச் சாத்தினான்.

கணவாயில் வண்டி ஏறியது, இறங்கியது. அவளுடைய கோபம் இறங்கவில்லை.

சர்வாரை அவள் மன்னித்துவிட்டாளா? அவளுக்கே தெரியாது. முலாம்பழச் சந்தையில் அவன் கத்தியை ஓங்கிய கையை நினைத்தால் இன்றும் சாபம்தான் வாயில் வருகிறது. அது அவனும் அல்லாவும் பேசிக்கொள்ள வேண்டியது. அந்தக் கணக்கில் குறுக்கே போய்த் துப்பாக்கியை நீட்ட இவர்கள் யார்?

அவளுக்குத் தெரிந்தது வேறொன்று.

மகனை அடக்கம் செய்த பிறகு, மூன்று நாளும் விடியுமுன் வாசல் கதவோரம் துணியில் சுற்றிய ரொட்டி சூடாக இருந்தது. யார் வைத்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சனோபருக்குத் தெரிந்தது. ரொட்டியின் நடுவில் அச்சால் குத்திய பூவில் ஒரு புள்ளி குறைந்திருந்தது. அந்தத் தெருவில் பல் உடைந்த ரொட்டி அச்சு ஒருத்தியிடம்தான் உண்டு. தெருக்கோடி ஹோசியத்திடம். சர்வாரின் அம்மாவிடம்.

முகம் காட்ட முடியாதவள் ரொட்டியைக் காட்டினாள்.

கொழுந்தன் அறிந்திருந்தால் நாய்க்குப் போட்டிருப்பான். சனோபர் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவள் தொண்டையில் இறங்கியது அது ஒன்றுதான். துணியைத் துவைத்துப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டாள்.

இந்த மாதம் ஹோசியத் பனியில் சறுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு, வெளியூர் போக முடியாமல் இருந்தாள். பொட்டலம் கொண்டுபோக ஆளில்லை. அதனால்தான் சனோபர் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

வண்டி தெருமுனையில் இறக்கிவிட்டபோது, ஹோசியத் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. கட்டிலில் சாய்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். மகனுடைய அளவு.

என்றைக்கோ ஒரு காகிதம் வரும். உடல் வராது. தொழுகை நடக்காது. ஒருவரும் அந்தக் கதவைத் தட்ட மாட்டார்கள்.

சனோபருக்கு உள்ளே போய்ச் சொல்ல வாய் வரவில்லை.

தெருவில் முதல் புகை எப்போதும் ஹோசியத் வீட்டில்தான் எழும். இடுப்பில் அடிபட்ட பிறகும் தடியை ஊன்றிக்கொண்டு அவள்தான் முதலில் அடுப்பு மூட்டுவாள். அடுத்த நாள் அவளுக்கும் முன்னால் சனோபர் எழுந்தாள். மாவைத் தட்டினாள். நடுவில் தன் அச்சைக் குத்தினாள். வெந்ததும் பெட்டியின் அடியிலிருந்த ஹோசியத்தின் துணியை எடுத்துச் சுற்றினாள்.

தெருக்கோடி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

மறுநாள் விடியலில் இரண்டாவது ரொட்டியோடு போனாள். நேற்று வைத்த இடம் காலியாக இருந்தது; பக்கத்துப் பனியில் தடி ஊன்றிய தடம்.

அண்ணாந்து பார்த்தாள். ஹோசியத் வீட்டுக் கூரையில் புகை இல்லை.