ஓர் ஈரலுக்கு இரண்டு பாட்டில்

வான்மதி தன் கல்லீரலில் பாதியைக் கணவன் செழியனுக்குக் கொடுத்தாள். மூன்றாம் வருஷம் விவாகரத்து. வீட்டையும் காரையும் பிரித்துக்கொண்டார்கள். ஈரலைத் திருப்பிக் கேட்க எந்தக் கோர்ட்டிலும் வழியில்லை.

இப்போதெல்லாம் ஆளுக்கு ஆள் விதை எண்ணெய் வேறு. என் கடை மெஷினில் விரலை வைத்தால், உங்கள் ஈரலைக் காப்பாற்றக் கருஞ்சீரகம் எத்தனை பங்கு, பூசணி விதை எத்தனை பங்கு என்று சொல்லிவிடும். அவர்கள் இருவருக்கும் ஒரே கலவை. ஒன்றாக ஆட்டி இரண்டு பாட்டிலில் ஊற்றி வைப்பேன். அவள் காலையில் எடுப்பாள், அவன் சாயங்காலம்.

இன்று அவள் விரல் வைத்ததும் மெஷின் வேறு கலவை சொன்னது.

"ரெண்டு ஈரலும் வேற வேற ஆயிருச்சும்மா. இனி உனக்குத் தனியாத்தான் ஆட்டணும்."

"பழசையே கொடுங்க அண்ணாச்சி."

"அது உனக்கு ஆகாது. ஈரல் கெட்டுப்போகும்."

"என் ஈரல், நான் பாத்துக்கறேன்."

"உன்னுது பாதிதானேம்மா!"

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்குள்ள மிச்சம் இருந்தது இந்த எண்ணெய் ஒண்ணுதான். சரி, புதுசையே கொடுங்க. என்ன விலை?"

நேற்றே செழியன் விரலுக்கும் மெஷின் இன்னொரு புதுக் கலவை சொல்லியிருந்தது. "அவ காலைல எத்தனை மணிக்கு வருவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருந்தான். இப்போது எதிர்ச்சாரியில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

நான் ஒன்றரை மடங்கு விலை சொன்னேன்.

"இது அடுக்குமா அண்ணாச்சி?" என்று பையைக் கீழே வைத்துவிட்டு, வான்மதி பேரம் பேச வசதியாக நின்றுகொண்டாள்.