அலையில்லாத கடல்

சஹானாவும் தோழி ஜெயப்ரியாவும் புதுச்சேரிக்குப் போகப்போவது கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பு முழுவதும் தெரிந்த விஷயம். இருவரும் திரும்பி வந்த அன்றே பக்கத்து வீட்டுச் சுந்தரவல்லி போட்டோ பார்க்க வந்துவிட்டார்.

"ஆன்ட்டி, இது வந்து..." என்று சஹானா ஆரம்பித்தாள்.

"நீ என்ன சொல்றது, எனக்குத் தெரியாத புதுச்சேரியா?" சுந்தரவல்லி செல்போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "இந்த மஞ்சள் பங்களாவுக்கு எதிர்லதான் போன டிசம்பர்ல ரூம் போட்டோம். நீங்க ஏதாவது லாட்ஜ்லயா தங்கினீங்க?"

ஜெயப்ரியா பல்லைக் கடித்தாள்.

"இல்ல ஆன்ட்டி, நாங்க..." சஹானா மறுபடி வாயெடுத்தாள்.

"இந்த பெஞ்சுல உக்காந்துதான் அவரும் நானும் சூரிய உதயம் பார்த்தோம். கடல் என்ன இப்படிக் கலங்கிக் கிடக்கு? அலையே காணோம். நாங்க போனப்ப ஆள் உயரத்துக்கு அடிச்சுது. சீசன் தெரியாம போனா இப்படித்தான். எதுக்கும் ஒரு ரசனை வேணும், சஹானா."

உதட்டைப் பிதுக்கியபடி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கதவைச் சாத்தியதும் ஜெயப்ரியா பொரிந்தாள். "புதுச்சேரி டிக்கெட் கன்ஃபர்ம் ஆகல, ஹவுராவுல லோக்கல் ட்ரெயின் ஏறி சந்தன்நகர்தான் போனோம், அங்கேயும் பிரெஞ்சுக்காரங்க கட்டின வீடுங்க இருக்கு, அது கடல் இல்ல, நம்ம ஹூக்ளி ஆறுதான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்ல விட்டாங்க?" சஹானா சிரித்தாள். "விடு. நாளைக்கு நாம நிஜமாவே புதுச்சேரி போய் போட்டோ எடுத்துட்டு வந்தா, இது புதுச்சேரியே இல்லன்னு சாதிப்பாங்க."