மெதுவாகச் சொன்ன 'வராதே'

கத்தரி இலையின் அடியில் ஒரு பூஞ்சை வித்து ஒட்டிக்கொண்டிருந்தது. பூச்சிகளைக் கொல்லத் தெளித்த வித்து அது. கூட வந்தவற்றையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போய்விட்டது.

ஒரு வண்டு நனைந்தபடி வந்தது. "இங்க கொஞ்சம் ஒதுங்கிக்கட்டுமா?"

"வராதே. என்கிட்ட ஊறுற நொதி உன் ஓட்டைக் கரைச்சிடும்" என்றது வித்து, ரொம்ப மெதுவாக.

"தூசி மாதிரி இருந்துக்கிட்டு என்னமா மிரட்டுறே!" வண்டு சிரித்தபடி ஒட்டி உட்கார்ந்தது.

இரண்டாம் முறை சொல்ல வித்துக்கு மனசு வரவில்லை.

மூன்று நாள் இரண்டும் ஓயாமல் பேசின. நான்காம் நாள் வண்டு பதில் சொல்லவில்லை. அதன் ஓட்டின்மேல் வெள்ளையாகப் பூத்து, ஒரு வித்து ஆயிரம் வித்தானது. காற்று வந்து அவற்றை ஆளுக்கொரு இலையில் விட்டுவிட்டுப் போனது.

தனித்தனியே உட்கார்ந்து ஒவ்வொன்றும் "வராதே" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டது. மெதுவாகத்தான்.