கொட்டிய கரும்புச் சாறு

“மாலை போடுங்க, பேனர் வைங்க, நான் ஒண்ணும் சொல்லல. மேடையில அந்தக் கரும்புச் சாறு கதைய மட்டும் யாரும் எடுக்கக் கூடாது” என்றார் தனக்கொடி.

விழாக் கமிட்டிச் செயலாளர் கலைவேந்தனுக்கு எரிச்சலாக வந்தது. இறந்துபோன இன்ஜினியர் புகழேந்தியின் பெயரில் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் மையமே திறக்கிறார்கள். அவர் மனைவி தனக்கொடிக்கோ, புருஷன் எப்போதோ கொட்டிய ஒரு டம்ளர் சாறுதான் மானப் பிரச்சினை.

கதை ஊருக்கே தெரியும். மண்ணாடிப்பட்டு கொம்யூன் கிராமங்களில் எவரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத காலத்தில், கரும்பு விவசாயிகள் சங்கத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து அதைத் தமிழ் பேச வைத்தவர் புகழேந்தி. யாருடைய கரும்பை முதலில் வெட்டுவது என்று அது சொல்லும். நட்ட தேதியைப் பார்த்துச் சொல்லும், ஆளைப் பார்த்துச் சொல்லாது.

ஒரே வாரம். உள்ளே கரும்புச் சாறு போய், எறும்பு மொய்த்து, மெஷின் செத்தது. குடிக்கும்போது தானே கைதவறிக் கொட்டிவிட்டதாக விசாரணையில் சொல்லிவிட்டு, புகழேந்தி வேலையையும் விட்டுப் போனார். அப்புறம் எத்தனையோ ஊர்ச் சங்கங்கள் அவர் எழுதிய புரோகிராமில்தான் ஓடின. சொந்த ஊருக்கு மட்டும் அவர் கடைசிவரை சாறு இன்ஜினியர்.

மையத்துக்கு இடம் கொடுத்த சுப்பராயலுதான் விழாத் தலைவர். பெரிய கரும்புக்காரர், முதல் வெட்டு எந்த வருஷமும் அவர் வயலில்தான். கல்வெட்டில் புகழேந்தியின் பெயரைவிட அவர் பெயர் ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. இடம் கொடுத்தவருக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன.

கலைவேந்தன் தயங்கித் தயங்கி அந்த அம்மாவின் நிபந்தனையை அவர் காதில் போட்டான்.

“நான் ஏம்பா அதப் பேசப் போறேன்?” என்றார்.

மைக்கைப் பிடித்ததும் அதைத்தான் பேசினார்.

“அந்தக் காலத்துல அவனப் புரிஞ்சிக்கினது நான் ஒருத்தன்தான். மூளைன்னா அப்படி ஒரு மூளை. இன்னா ஒண்ணு, கையிலதான் நிதானம் கெடையாது. மெஷினுக்கே சாறு அபிஷேகம் பண்ணிட்டான்.”

பந்தலே சிரித்தது. கூடவே சிரித்த கலைவேந்தன், தனக்கொடி எழுந்து வெளியே போவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். இனி சமாதானம் பேசுவதும் தன் தலையில்தான் விடியும் என்று நொந்துகொண்டான்.

போனவர் திரும்பி வந்தார். பந்தல் வாசலில் நின்ற வண்டியில் பிழிந்த கரும்புச் சாறு ஒரு டம்ளர் கையில் இருந்தது. நேராக மேடையேறி, திறந்துவைக்கக் காத்திருந்த கம்ப்யூட்டரைத் தாண்டி, அதைச் சுப்பராயலுவிடம் நீட்டினார். மைக் அணைக்கப்படவில்லை.

“அவருக்குச் சின்ன வயசுலேர்ந்தே சக்கர வியாதி. சாற வாயில வச்சதே இல்ல. ஊத்தினவங்களக் கண்ணால பாத்தாரு. போலீஸு, கேஸுன்னு போனா, அப்புறம் கம்ப்யூட்டரே வாணாம்னுடுவாங்கன்னுதான் பழியத் தன் தலையில போட்டுக்கினாரு.”

சுப்பராயலுவின் கை டம்ளரை வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

“இந்தத் தபாவாச்சும் நீங்களே குடிச்சிடுங்க, ஐயா” என்றார் தனக்கொடி. “மெஷினு புதுசு.”