சிவப்புக் கோடுகள்

"அந்தப் பைபிளை இங்குட்டுக் குடு, பொன்னழகு."

"தர மாட்டேன், அத்தான்."

எபனேசருக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தெட்டு வயது, சென்னையில் பெரிய அதிகாரி. அவர் கேட்டு இல்லையென்று சொன்னவர்கள் இந்த வீட்டில் கிடையாது. சொல்வது யார் என்று பார்த்தால், தம்பி பெண்டாட்டி!

அம்மா ஞானப்பூவின் முப்பதாம் நாள் ஜெபம் அப்போதுதான் முடிந்திருந்தது. வாடகை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. சபையார் வடையும் காபியும் முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்தக் காரைக்குடி வீட்டில் மிஞ்சியது இவர்கள் இருவரும், பொன்னழகு நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்த கறுப்பு அட்டை வேதாகமமும்தான்.

"மூத்தவன் நான். அம்மா பைபிள் எங்கிட்டத்தான் இருக்கணும். உனக்கு எதுக்கு அது?"

"எதுக்கோ. தர மாட்டேன்னா தர மாட்டேன்."

"காரணத்தைச் சொல்லு."

"காரணமும் சொல்ல மாட்டேன். புத்தகமும் தர மாட்டேன்."

அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! தம்பி பால்துரை துபாயில் இருக்கிறான். இங்கே இருந்தால் மட்டும் பெண்டாட்டியை அதட்டிவிடப் போகிறானா? கட்டினால் இந்த அரியக்குடிப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று இருபது வருடத்துக்கு முன்னால் ஒற்றைக்காலில் நின்று கட்டியவன் அவன்.

"போதகர் பேசினதைக் கேட்டேல்ல? நாப்பது வருசமா ஞாயித்துக்கிழமை சங்கீதம் வாசிச்சது எங்கம்மா. எம்பத்துமூணு வயசுலயும் கண்ணாடி போடாம வாசிச்சாக. கர்த்தரோட கிருபைன்னு சபையே அழுதுச்சு. அப்பேர்ப்பட்டவுக புத்தகம், பொட்டு வச்சவ கையில இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"முதல்ல நெத்தியில இருக்கிறதை அழி. ஞானஸ்நானம் எடு. அப்புறம் கேளு."

பொன்னழகு நிமிர்ந்தாள்.

"இந்தக் குங்குமத்தை அழின்னு அத்தை ஒரு நா சொன்னதில்லை. நீங்க யாரு சொல்ல? என் சாமி எனக்கு, அவுக சாமி அவுகளுக்கு. இருபது வருசம் ஒரே வீட்டுல இருந்தோம், ரெண்டு சாமிக்கும் சண்டை வரலை. வருசத்துக்கு ஒருக்கா கிறிஸ்துமஸுக்கு வந்து ரெண்டு நா தங்கிட்டுப் போறீக, உங்களுக்குத்தான் சண்டை வருது."

எபனேசருக்கு அது நன்றாகவே உறைத்தது. பதிலுக்குக் குத்தாமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

"எங்கம்மா உன்னைத் திருத்தப் படாத பாடு பட்டாக. ஏழெட்டு வருசமா ஞாயிறு தவறாம உன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத்தானே சபைக்கு வந்தாக? ஊரே பாத்துச்சு. பக்கத்துலயே உக்கார வச்சுக்கிட்டாக. அப்படியும் நீ மனசு மாறலை. கல்லு!"

பொன்னழகு வேதாகமத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கல்லாவே இருந்துட்டுப் போறேன். புத்தகம் இங்கதான் இருக்கும்."

அவருக்குப் பொறுமை போய்விட்டது. எட்டி, வேதாகமத்தை வெடுக்கென்று இழுத்தார். பழைய புத்தகம், முதுகு கிழிந்துவிடுமோ என்று பயந்து அவளே கையை விட்டாள்.

திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் வெளிறிய சிவப்புக் கோடுகள்.

"பாரு! ஒரு வரி விடாம சிவப்புப் பென்சில்ல கோடு போட்டுக்கிட்டே வாசிச்சிருக்காக. எங்கம்மா கை போட்ட கோடு!"

முப்பது நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது அவருக்கு. அம்மாவையே தொடுவதாக நினைத்துக்கொண்டு ஒரு கோட்டை மெல்லத் தடவினார்.

விரல் சிவந்தது.

தேய்த்துப் பார்த்தார். பென்சில் இல்லை, பொடி. முகர்ந்து பார்த்தார். குங்குமம். தலையைத் தூக்கிப் பொன்னழகின் நெற்றியைப் பார்த்தார்.

"இது... நீயா?"

இனி மறைத்துப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"காலையில குளிச்சுப் பொட்டு வச்ச கையோட அத்தை பக்கத்துல உக்காருவேன். வரி தப்பிறக் கூடாதுன்னு விரலை வச்சுக்கிட்டே சத்தமா வாசிப்பேன். ஞாயித்துக்கிழமைச் சங்கீதத்தை மட்டும் அவுகளுக்கு மனப்பாடம் ஆகுற வரைக்கும் அஞ்சு தரம், ஆறு தரம்."

வேதாகமத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

"'வெளிய தெரிஞ்சா பெரியவன் மெட்ராசுக்குத் தூக்கிட்டுப் போயிருவான். சபையில வாசிக்கிறதையும் வேற ஆளுக்குக் குடுத்துருவாக. அதுக்கு நான் செத்தே போயிரலாம். மூச்சு விட்டுறாத ஆத்தா'ன்னு சத்தியம் வாங்கியிருந்தாக. இப்பவும் சொல்றேன், சபையில போயி இதைப் பத்தி வாயைத் திறந்தீக, மூத்தவுகன்னு பாக்க மாட்டேன்!"

"எது வெளிய தெரிஞ்சா? என்ன சொல்றே நீ?"

"அவுக என்னைச் சபைக்கு இழுத்துட்டு வரலை, அத்தான். நான்தான் அவுகளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். சக்கரை வியாதியில எட்டு வருசமா அத்தைக்கு ரெண்டு கண்ணும் தெரியாது."