நடுவில் ஒரு வரி

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் சின்ன மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில் இருவரும் திரும்பி, வெளியே உட்கார்ந்திருந்த பெரிய மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவருக்கு வயிறு எரிந்தது.

இவர் அக்காவைக் கட்டியவர், அவன் தங்கையைக் கட்டியவன். கையைப் பிடித்து இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே இவர்தான். இப்போது டீம் தலைவர் பதவி காலி. நேற்று வந்த சகலை அதைத் தட்டிக்கொண்டு போகப் போகிறான்.

சாயங்காலம் மனைவி வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"தங்கச்சி போன் பண்ணா. சீக்கிரமே நல்ல சேதி வரும்னு அவ வீட்டுக்காரர் சொன்னாராம். என்னன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாராம்."

"வேற என்ன, அவனுக்குப் பதவி வருது. இனிமே உங்கப்பா அவனுக்குத்தான் முதல் நாற்காலி போடுவாரு."

"போடட்டுமே. அவரும் எங்க வீட்டு மாப்பிள்ளைதானே."

அவர் லேப்டாப்பைத் திறந்தார்.

ஆபீசில் ஊழியர் விவரம் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் பழசு, மெயில் அனுப்பும் சாஃப்ட்வேர் புதுசு. சண்டை போட்ட மாமியார் மருமகள் மாதிரி இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. ஒன்று சொல்வதை மற்றதற்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் பாலத்தை எழுதியவர் இவர். பதவி மெயிலும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மெயில் போன ஆளிடமிருந்து வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் வராவிட்டால் பதவி அடுத்த ஆளுக்கு. அதுவரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது கம்பெனி விதி.

பாலத்தின் நடுவில் ஒரே ஒரு வரி சேர்த்தார். பதவி மெயில் வந்தால், அங்கேயே அழித்துவிடு.

பின்னால் யாராவது தோண்டினால்? அதற்கும் வழி செய்தார். யாருக்கு வந்தது என்ற சுவடுகூட மிஞ்சாது. அவரே தேடினாலும் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை ஓடிவிட்டது. அடுத்த ஆள் தான்தான் என்ற நிச்சயத்தில், திங்கட்கிழமை இஸ்திரி மடிப்புக் கலையாமல் ஆபீசுக்கு வந்தார்.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, புதுத் தலைவர் சின்ன மாப்பிள்ளை என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எந்தச் சந்தில் புகுந்து போனது அந்த மெயில் என்று பெரிய மாப்பிள்ளைக்கு விளங்கவே இல்லை.

கூட்டம் கலைந்ததும் சகலை அவர் மேஜைக்கு வந்தான். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"மனசே சரியில்ல அண்ணா. அன்னிக்கு மேனேஜர் கேட்டப்போ நான் உங்க பேரைத்தான் சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு."

பெரிய மாப்பிள்ளை திறந்திருந்த லேப்டாப்பை மெல்ல மூடினார்.

"மெயிலும் உங்களுக்குத்தானே அனுப்பினாங்க. ஏன் அண்ணா பதிலே போடல?"